திருப்பித் தட்டாத மூன்று தட்டு

பொன்முடிப் பக்கத்து எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் காட்டுமாடு வந்து கதவை உரசும். அதனால் வீடு திரும்புகிற ஆள் மூன்று தட்டுத் தட்டுவான். உள்ளிருந்து மூன்று தட்டுத் திருப்பி வந்தால்தான் நுழைவான். மலை சரிந்த அன்று பூமாரியின் கணவன் தாணு மண்ணுக்கு அடியிலிருந்து மூன்று மூன்றாகத் தட்டினான். உறைந்து நின்ற பூமாரி திருப்பித் தட்டவில்லை. அவன் செத்த பிறகும் அந்தச் சத்தம் இரண்டு வருஷமாக அவளைத் தூங்கவிடவில்லை.

திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் இருபது நாள் அவள் தலையில் காந்தக் கருவியை வைத்து வைத்தியம் செய்தார்கள். கருவி டக் டக்கென்று அடிக்க அடிக்க, காதில் கேட்ட தட்டல் குறைந்துகொண்டே வந்தது.

"இப்போ கேக்குதா சேச்சி?" கடைசி நாள் டெக்னீஷியன் ஷிஜா கேட்டாள்.

"இல்ல மோளே. நேத்து நல்லா உறங்கினேன்."

"அப்போ எனக்கு லட்டு வேணும், கேட்டோ!"

ஷிஜா பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுருட்டினாள். பிறகு குனிந்து தரையைப் பார்த்தாள்.

"கீழ இருந்து ஆரு மூணு மூணா தட்டுது? இதுக்குக் கீழ ரூமே இல்லையே!"

பூமாரிக்கு ஒன்றும் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள், ஷிஜா சிரித்துக்கொண்டே செருப்புக் குதியால் தரையில் மூன்று தட்டுத் தட்டினாள்.