கடிக்கிற சத்தம்

"ஒரு வாய்த் தண்ணி இறங்கல அவருக்கு. அவரு முன்னாடி உக்காந்து முறுக்கு கடிக்கிறீங்களே, நீங்கள்லாம் மனுஷிதானா?"

மருமகள் வினோதா கத்தியது மூன்றாம் மாடிவரை கேட்டது.

"நானா அவரைத் திங்காதேன்னேன்? எம் பல்லு, எம் முறுக்கு!"

எதிர்வீட்டுச் செண்பகம் விடுவாளா? கையில் டப்பா, வாயில் பாதி முறுக்கு. அப்படியே வாசலில் நின்று பதில் கொடுத்தாள்.

சமாதானம் செய்ய ஒருவரும் வரவில்லை. கேட்க எல்லோரும் வந்திருந்தார்கள்.

வினோதாவின் மாமனார் உள்ளே கட்டிலில் இருந்தார். வயிற்றில் செருகிய குழாயின் நுனி சட்டைக்கு வெளியே எட்டிப் பார்த்தது.

செண்பகம் வரட்டும் என்று சொல்லப் பார்த்தார். உணவுக்குழாயில் வந்த கட்டி குரலையும் சேர்த்துத் தின்றிருந்தது. காற்றுதான் வந்தது.

டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டினார்.

வியர்க்கிறது போலிருக்கிறது என்று மகன் மின்விசிறியைக் கூட்டிவைத்தான்.

வாசல் கதவு சாத்தப்பட்டது.

நல்ல பிள்ளைகள்தான். அதில் குறை சொல்ல முடியாது.

அப்பாவுக்கு ஏக்கம் வந்துவிடக் கூடாதென்று வீட்டில் தாளிப்பதையே நிறுத்தினார்கள். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தட்டில் கரண்டி படாமல், திருட வந்தவர்கள் மாதிரி சாப்பிட்டார்கள். மீன் குழம்பு வைத்தால் கீழ்வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியாது.

அவருக்கு மட்டும் வேளை தவறாமல் மிக்ஸி ஓடும். கஞ்சி, பருப்பு, முட்டை வெள்ளை, ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த புரதப் பொடி. அரைத்து, வடிகட்டி, சிரிஞ்சில் ஊற்றினால் குழாய் வழியே நேராக வயிற்றுக்கு.

"எடை குறைஞ்சா கட்டிக்குக் கதிர்வீச்சுக் கரண்ட் வைக்க முடியாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அவரோ பாதியிலேயே குழாயை மடக்கிப் பிடித்துக்கொள்வார்.

செண்பகம் வர ஆரம்பித்த பிறகுதான் முழுதும் இறங்கியது.

வேவு பார்க்கத்தான் வந்தாள். அதில் சந்தேகமே வேண்டாம்.

"குழா எங்கண்ணே போவுது, காட்டுங்க" என்று குனிந்து பார்த்தாள். பார்த்த பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு டப்பாவைத் திறந்தாள்.

கடக். முடக்.

யார் வீட்டில் என்ன சண்டை என்று சொன்னாள். மடியில் தூள் சிந்துமளவு சிரித்தாள். விரலை நக்கினாள்.

அவர் சிரிஞ்சைத் தானே உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அங்கே அவள் கடிக்க, இங்கே இவருக்கு இறங்கியது.

'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள். பிளாக்கில் ஒருவரும் அதை நம்பவில்லை. அவளுக்குப் புருஷன் இல்லை, இவருக்குப் பெண்டாட்டி இல்லை. மாடிப்படியில் வைத்தே கல்யாணத்தை முடித்துவிட்டார்கள்.

வினோதாவின் காதுக்கு அது வராமலா இருக்கும்?

சண்டைக்குப் பிறகு செண்பகம் வரவில்லை.

அவர் மறுபடி குழாயை மடக்கினார்.

எடை இறங்கியது. கதிர்வீச்சை நிறுத்திவைத்தார்கள்.

மகன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான். வினோதா சிரிஞ்சோடு கட்டிலருகே உட்கார்ந்து கெஞ்சினாள்.

"உங்களுக்கு என்னதான் மாமா வேணும்?"

இருந்த காற்றையெல்லாம் அவர் திரட்டினார்.

"நீங்கள்லாம் சாப்பிடறீங்களா இல்லியான்னே... தெரியலம்மா."

அவள் எழுந்தாள். தலையை முடிந்துகொண்டு நேரே எதிர்வீட்டுக்குப் போனாள்.

பூட்டு.

"ஓசூருக்கு, மக வீட்டோட போயிருச்சு. வண்டி வந்து சாமான் ஏத்துனதே உனக்குத் தெரியாதா?" என்றாள் கீழ்வீட்டுக்காரி. அவளுக்கு அதில் ஒரு திருப்தி.

வினோதா திரும்பி வந்து தட்டில் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். மேலே ஓர் அப்பளம். செண்பகம் உட்கார்ந்த அதே நாற்காலியில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

முதல் கவளம் அவளுக்கு இறங்கவில்லை. வாயிலேயே வைத்திருந்தாள்.

அவர் சிரிஞ்சை உயர்த்திப் பிடித்தபடி காத்திருந்தார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு அப்பளத்தைக் கடித்தாள்.

சிரிஞ்சில் கஞ்சி ஒரு கோடு இறங்கியது.

செண்பகம் ஓசூருக்குப் போனவள் போனவள்தான். மருமகனுக்கு ராத்திரி ஷிப்டு, பகலெல்லாம் தூக்கம். வீட்டில் சத்தமே ஆகாதாம்.

முறுக்கை டீயில் ஊறவைத்துத்தான் தின்கிறாளாம்.