கோடு விழாத முத்திரைகள்

“எல்லாம் சாதாரணக் கடதாசி. ஒண்டும் தேறாது!”

குணலட்சுமி ரீச்சர் யூசுப்பின் தபால் முத்திரை அல்பத்தைப் பட்டென்று மூடினாள்.

வட்டுக்கோட்டை வாசிகசாலையின் பின்னறையில் கூடியிருந்த முத்திரைச் சங்கத்தாரின் முகங்கள் தொங்கிப் போயின. தலைவர் அருளம்பலத்தாருக்குத்தான் பெரிய ஏமாற்றம். கூட்டத்தைக் கூட்டியவரே அவர்தான்.

யூசுப் சங்கத்தின் பழைய அங்கத்தவர். கண்காட்சிக்கென்று தன் அல்பத்தைச் சங்க அலுமாரியில் வைத்திருந்தார். கண்காட்சி நடக்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தை ஆயுதம் ஏந்திய இயக்கம் வெளியேற்றியபோது, அவரும் மனைவி மக்களோடு உடுத்த உடுப்போடு போய்விட்டார்.

“அவன் இனி எங்கை வரப்போறான்? கறையான் தின்ன முந்தி நாங்கள் சீட்டுக் குலுக்கிப் பங்கு போடுவம்.” இது அருளம்பலத்தாரின் யோசனை.

அதற்கு முதல் தரம் பிரிக்க வேண்டும். அல்பத்தில் இருந்த, அரசர் தலை போட்ட பழைய முத்திரைகள் இரண்டு வகைக் கடதாசியில் வந்தவை. சுண்ணம் பூசிய கடதாசி என்றால் அரிது. சாதாரணக் கடதாசி என்றால் எல்லாரிடமும் கிடக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஓரத்தில் வெள்ளியால் மெல்லத் தொட்டு இழுத்தால், சுண்ணம் பூசியதில் கறுப்புக் கோடு விழும். மற்றதில் விழாது.

இந்தச் சோதனைக்கு ரீச்சர்தான் ஆள். தன் பிள்ளைக்குப் பால் பருக்கிய சின்ன வெள்ளிக் கரண்டி எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும்.

“ஒண்டிலையுமே கோடு விழேல்லையோ?” அருளம்பலத்தார் இழுத்தார்.

“நம்பாட்டில் நீங்களே இழுத்துப் பாருங்கோ.”

கரண்டியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். வாங்கி, இரண்டு மூன்று முத்திரைகளில் இழுத்துப் பார்த்தார். கோடு இல்லை.

“சீ! உந்த யூசுப் எங்களை நல்லாய்ப் பேய்க்காட்டியிருக்கிறான். ரீச்சர், கொண்டுபோய் அடுப்பிலை போடுங்கோ.”

“ஓம்” என்று அல்பத்தைக் கைக்குள் இடுக்கிக்கொண்டு அவள் வெளியே போனாள்.

மூலையில் இருந்த செபநாயகத்தாருக்கு இரத்தம் கொதித்தது. தபாலதிபராய் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ரீச்சரின் வெள்ளிக் கரண்டி காம்பு கறுத்துப்போனது. இன்றைக்கு அவள் கையில் இருந்ததோ பளபளவென்று மின்னியது.

எவர்சில்வர்! அதில் எப்படிக் கோடு விழும்?

‘கள்ளி! முழு அல்பத்தையும் அமத்தப் பாக்கிறாள்.’

எழும்பிச் சொல்ல வாய் உன்னியது. ஏனோ சொல்லவில்லை. சைக்கிளை எடுத்து உழக்கி, தோட்டவெளி றோட்டில் அவளை எட்டிப் பிடித்தார்.

“ரீச்சர், நில்லுங்கோ! எவர்சில்வர்க் கரண்டியாலை எங்களைச் சுத்திப்போட்டியள், என்ன?”

“ஓம்.”

மறுப்பாள், அழுவாள் என்று எண்ணி வந்தவர் திகைத்துப் போனார்.

“வெக்கமில்லையோ? ஊரைவிட்டுத் துரத்தின ஒருத்தன்ரை பொருளை…”

“அந்தக் கேள்வியை ஏன் அண்ணை உள்ளுக்கை கேக்கேல்லை? பங்கு போடுவம் எண்டேக்கை எல்லாரும் தலையாட்டினியள்தானே? நான் வேண்டாமெண்டு கத்தியிருந்தால், என்னை வெளியிலை விட்டிட்டுப் பங்கு போட்டிருப்பியள். அதுதான் பொய் சொன்னனான். நாளைக்குக் கேட்டாலும் சொல்லுவன்.”

“அப்ப இந்த அல்பம்?”

“யூசுப் புத்தளத்திலை ஒரு முகாமிலை இருக்கிறாராம். வாற மாசம் அந்தப் பக்கத்தாலை கொழும்புக்குப் போறன். நேரை அவரின்ரை கையிலை குடுப்பன்.”

“வழியிலை இயக்கப் பெடியள் மறிச்சு, முஸ்லிம் சனத்தின்ரை பொருள் உங்களிட்டை எப்பிடி வந்ததெண்டு கேட்டால்?”

“கேக்கட்டும். அடுப்பிலை போடுற குப்பையெண்டு சங்கத் தலைவரே சொல்லிப்போட்டார் எண்டுவன். அந்தச் சனம் போகேக்கை வாய் திறக்காமல் படலையிலை நிண்டது காணும் அண்ணை. இனியும் அப்பிடி நிக்கமாட்டன்.”

செபநாயகத்தார் சைக்கிளை வேலியில் சாய்த்தார்.

பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டார். மடித்த கண்ணாடித்தாள் ஒன்று வெளியே வந்தது. விரித்தால், உள்ளே அரசர் தலை போட்ட ஒற்றை முத்திரை. சங்க அலுமாரியைப் பூட்டித் திறக்கும் திறப்பு அவரிடம்தான் இருக்கிறது.

“இதுவும்… அவரின்ரைதான், தங்கச்சி.”

குணலட்சுமி அல்பத்தைத் திறந்து, கடைசிப் பக்கத்தில் வெறுமையாய்க் கிடந்த இடத்தில் அதைச் செருகினாள்.

“தெரியும் அண்ணை. அதாலைதான் அங்கை இந்தப் பக்கத்தை மட்டும் ஒருத்தருக்கும் விரிச்சுக் காட்டேல்லை.”