எட்டு நிமிஷத் தாமதம்

“அப்படி என்னதான்யா இருக்கு அந்த டயர்ல?”

பஸ்ஸின் முன் ஜன்னலிலிருந்து அதிகாரியம்மா போட்ட சத்தம் கண்டக்டர் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின் டயருக்கு ஓர் உதை. குனிந்து பார்த்தார். யோசித்தார். அடுத்த டயருக்கு ஓர் உதை.

தினமும் இதே கூத்துதான். மற்ற நிறுத்தங்களில் ஆளை ஏற்றியும் ஏற்றாமலும் பறக்கிற பஸ், இந்தப் பாலத்து நிறுத்தத்துக்கு வந்ததும் படுத்துவிடும். ஏற ஒரு ஈ காக்கா இருக்காது. கண்டக்டர் இறங்குவார். டயரை உதைப்பார், முகம் கழுவுவார், துண்டை உதறுவார், மறுபடி டயருக்கு வருவார். முழுசாக எட்டு நிமிஷம்.

“ஆறு டயர் மேடம். காத்து கம்மியா இருந்தா உங்களுக்குத்தானே ஆபத்து?”

“நேத்துதானே பார்த்தீங்க!”

“நேத்து இருந்த காத்து இன்னிக்கும் இருக்கும்னு என்ன நிச்சயம்?”

பஸ்ஸில் இரண்டு பேர் சிரித்தார்கள். அதிகாரியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிராமத்துப் பெண்களைச் சொந்தத் தொழில் தொடங்க வைக்கிற திட்டத்துக்கு அவர்தான் அதிகாரி. ஆபீஸ் ஜீப் மூன்று மாதமாக ஒர்க்‌ஷாப்பில் கிடப்பதால் இந்த பஸ்தான் கதி. இந்த வாரத்தில் மட்டும் மூன்று நாள் லேட். “நேரத்தோட அருமையைப் பத்தி வகுப்பு எடுக்கிறது நீங்கதானே?” என்று மேலதிகாரி எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

அன்று ஆபீஸுக்குப் போனதும் முதல் வேலையாகப் புகார் எழுதினார். தேதி, நேரம், டயர், துண்டு உதறியது வரை ஒன்று விடவில்லை. ‘பொறுப்பில்லாத இந்த ஊழியரால் உழைக்கும் மக்களின் நேரம் வீணாகிறது’ என்று முடித்து, கையெழுத்துப் போட்டு, மேலே ஆபீஸ் முத்திரையும் குத்தினார்.

முத்திரைக்கு மரியாதை இருந்தது. நாலே நாளில் கண்டக்டரை வேறு ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர் கடிகாரத்தைத் தவிர வேறெதையும் ஏறிட்டுப் பார்க்காத ஆள். பாலத்தில் பஸ் நின்றதும் தெரியாது, கிளம்பியதும் தெரியாது.

“தட்டிக் கேக்க ஒரு ஆள் வேணும்ங்க, அவ்வளவுதான்” என்று பக்கத்து சீட்டுக்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டார் அதிகாரியம்மா.

ஒரு வாரம் போயிருக்கும். ஆபீஸ் வாசலில் காளான்காரி வந்து நின்றாள்.

மொத்தத் திட்டத்திலும் பெருமையாகக் காட்ட இருந்த ஒரே ஆள் அவள்தான். அவளுக்குப் பயிற்சி, சான்றிதழ் எல்லாம் கொடுத்தது அதிகாரியம்மாதான். காளான் வளரும் வைக்கோல் பைகள் தொங்கும் கொட்டகைக்கு முன்னால் அவளை நிறுத்தி எடுத்த போட்டோ ஆபீஸ் சுவரில் பெரிதாக மாட்டியிருந்தது. நாளை மறுநாள் நடக்கும் கூட்டத்தில் அவள்தான் பேச வேண்டும்.

“வாம்மா! பேச்சை மனப்பாடம் பண்ணிட்டியா?”

“நான் பேச வரலை மேடம். தொழிலை நிறுத்திடலாம்னு இருக்கேன்.”

அதிகாரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

“உங்ககிட்ட இதான் பிரச்சினை! எவ்வளவு பாடுபட்டுக் கை தூக்கி விட்டாலும் பாதியில விட்டுட்டு ஓடிடுறீங்க. யாரு, வீட்டுக்காரர் வேண்டாம்னாரா? மாமியார் ஏதாவது சொன்னாங்களா?”

“அவங்கல்லாம் கூடமாட ஒத்தாசையாத்தான் இருக்காங்க. பஸ்தான் நிக்க மாட்டேங்குது.”

“பஸ்ஸா?”

“விடியக்காலையில பறிச்ச காளானாத்தான் டவுன் ஓட்டல்ல வாங்குவாங்க மேடம். முந்தின நாள் பறிச்சதுன்னா தொடக்கூட மாட்டாங்க. பறிச்சு, பெட்டியில அடுக்கி, வரப்பு வழியா ரெண்டு மைல் ஓடியாந்தாலும் பாலத்துக்கிட்ட எட்டு நிமிஷம் இடிக்குது. பழைய கண்டக்டர் காத்திருப்பார். பின்வாசல் வழியா பெட்டியை வாங்கி வெச்சு, ஓட்டல் பக்கத்துல இறக்கிக் கொடுத்துட்டுப் போவார். ஒரு வருஷமா அப்படித்தான் தொழில் ஓடுச்சு.”

அதிகாரியம்மா சுவரில் இருந்த போட்டோவைத் திரும்பிப் பார்த்தார்.

“புதுசா வந்தவர்கிட்ட கேட்டா, ‘என்னையும் மாத்தணுமா?’ங்கிறார். அடுத்த பஸ் பத்தரைக்கு. அதுக்குள்ள ஓட்டல்காரர் வேற ஆள்கிட்ட வாங்கிடுறார். ஒரு வாரமா பறிச்சது பூரா எருக்குழிக்குத்தான் போகுது.”

“உனக்காகத்தான் நிக்குதுன்னு அந்த ஆள் சொல்லியிருக்கலாமேம்மா?” அதிகாரியம்மாவின் குரல் அவருக்கே கேட்கவில்லை.

“நானும் அதைத்தான் கேட்டேன். ‘உனக்காகன்னு தெரிஞ்சா பஸ்ஸே சேர்ந்து உன்னைத் திட்டும். என்னையும் டயரையும் திட்டிட்டுப் போகட்டும், எங்க ரெண்டு பேருக்கும் பழக்கம்தான்’னார்.”

அதிகாரியம்மா தண்ணீர் டம்ளரை எடுத்தார். குடிக்காமலே வைத்தார்.

“யாரோ ஒருத்தர் முத்திரை குத்திப் புகார் அனுப்பிட்டாங்களாம் மேடம். டிப்போவில போய்க் கேட்டேன். அதே மாதிரி முத்திரையோட இன்னொரு லெட்டர் வந்தாத்தான் அவரைத் திருப்பிப் போட முடியும்னு சொல்லிட்டாங்க.”

காளான்காரி தயங்கினாள். மேஜை மேல் கிடந்த முத்திரையைப் பார்த்தாள்.

“உங்களை விட்டா எனக்கு வேற யாரைத் தெரியும்? ஒரே ஒரு லெட்டர் எழுதித் தருவீங்களா மேடம்?”