கழன்ற கம்பி

ஆலை மூடியதும் அரசின் இலவச வயரிங் பயிற்சியில் சேர்ந்தவன், பக்கத்து மேசைக்காரியைப் பார்த்துப் பொருமினான். வாத்தியார் வாயைத் திறந்தால் அவள் புகழ்தான். தேர்வில் முதலில் வருபவருக்கே வேலை, இருப்பதோ ஒன்று.

தேர்வன்று அவள் தண்ணீர் குடிக்கப் போனபோது, அவளுடைய சுவிட்ச் போர்டில் ஒரு கம்பியைக் கழற்றிவிட்டான்.

வாத்தியார் வந்தார். அவள் பல்பு எரியவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள், நொடியில் எரிந்தது.

"கம்பி மாட்ட எல்லாருக்கும் வரும். பழுது பார்க்க இந்தம்மாவுக்குத்தான் வருது. வேலை இவங்களுக்கே!"

வாசலில் அவன் உம்மென்று நின்றான். அவள் வந்தாள்.

"நீங்க கழட்டினப்பவே பார்த்துட்டேன். வாத்தியார் வரட்டும்னு விட்டு வெச்சேன். புருஷனாச்சேன்னு அவர்கிட்ட சொல்லல. வாங்க, வீட்டுக்குப் போவோம். நாளையிலிருந்து சமையல் நீங்கதான்."