தேறாதவர்களும் முன்னே வரலாம்

மைக்கை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆசீர்வாதம் பிரதர் கையை நீட்டியபடியே நின்றார். எங்கள் சபையின் செயலாளர். அன்றைய நன்றி ஆராதனை அவர் ஏற்பாடுதான்.

பன்னிரண்டாம் வகுப்பு தேறிய பிள்ளைகளை முன்னால் வரிசையாக நிறுத்துவார்கள். ஆளுக்கொரு வேதாகமம் பரிசு. பாஸ்டர் ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்து ஜெபிப்பார். வருஷா வருஷம் நடப்பது. தேறாத பிள்ளைகள் அந்த ஞாயிற்றுக்கிழமை சபைப் பக்கமே தலைகாட்ட மாட்டார்கள். அதுவும் வருஷா வருஷம் நடப்பதுதான். அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

வாலிபர் கூட்டத்தை நடத்துகிறவள் நான் என்பதால் பெயர்களைக் கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளை வாய்வார்த்தையாகக் கேட்டு நானே எழுதிய பட்டியல். கூப்பிட்டேன். பிள்ளைகள் வந்து நின்று வேதாகமம் வாங்கிக்கொண்டார்கள். என் மகள் கெசியாவும் புது சுடிதாரில் அந்த வரிசையில் நின்றாள்.

பிறகு சொன்னேன். "இந்த வருஷம் ஃபெயிலான பிள்ளைங்களும் முன்னால வாங்க."

ஆசீர்வாதம் பிரதர் மைக்குக்குக் கையை நீட்டினார்.

கடைசி பெஞ்சில், வாசலை ஒட்டி ஆதவன் உட்கார்ந்திருந்தான். அடி அண்ணாமலைப் பையன். அவன் அப்பா கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை போட்டிருக்கிறார். வீட்டில் சிவனைக் கும்பிடுகிறவர்கள். இவன் ஒரு நண்பனோடு சனிக்கிழமை வாலிபர் கூட்டத்துக்கு வர ஆரம்பித்தவன், பிறகு நண்பன் நின்றுவிட்டான், இவன் நிற்கவில்லை.

ஒரு கால் பெஞ்சுக்கு உள்ளே, ஒரு கால் வெளியே வைத்து உட்கார்ந்திருந்தான். எந்த நேரமும் எழுந்து ஓடிவிடுவான் போல.

ரிசல்ட் வந்த அன்று கணக்கில் போய்விட்டது அவனுக்கு. வீட்டுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது என்று திகைக்கிறவனுக்கு இந்த ஊரில் ஒரு வசதி இருக்கிறது. மலையைச் சுற்றலாம். ஏன் சுற்றுகிறாய் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

மே மாத வெயிலில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிரிவலப் பாதை முழுக்கத் தேடினேன். குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில்தான் ஆளைப் பிடித்தேன். பாதமெல்லாம் கொப்புளம். "செத்துடலாம்னுதான் இருந்துச்சுக்கா. என்ன பண்றதுனு தெரியாம நடந்துகினே இருந்தேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வா, உன்னை ஒளிந்து உட்கார விடமாட்டேன் என்று அங்கேயே அவனுக்கு வாக்குக் கொடுத்தேன். நம்பி வந்திருக்கிறான். இப்போது அவன் அந்த வாசலைத் தாண்டிவிட்டால் மறுபடி அவனை உயிரோடு பிடிப்பேனா என்பது எனக்குத் தெரியாது.

"ஃபெயிலானதுக்கு எதுக்கு சிஸ்டர் ஸ்தோத்திரம்? அதுவும் அந்தப் பையன் நம்ம சபையே கெடையாது."

ஆசீர்வாதம் பிரதர் என் காதருகே மெதுவாகத்தான் சொன்னார். மைக் என் கையில் இருந்ததே, எல்லோருக்கும் கேட்டது. ஆதவனுக்கும் கேட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உயிரோட வந்து உக்காந்திருக்கான் பிரதர். அதுக்கு சொல்லுங்க ஸ்தோத்திரம். உங்களுக்குக் கஷ்டம்னா விடுங்க, நான் சொல்றேன்."

பாஸ்டர் பிரசங்க பீடத்தின் மேல் இருந்த வேதாகமத்தில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். அடுத்த வாரமே வாலிபர் கூட்டத்தை என்னிடமிருந்து பிடுங்கிவிடுவார்கள். நன்றாகப் பிடுங்கட்டும். என் வீட்டு மொட்டை மாடி சனிக்கிழமை சாயங்காலம் சும்மாதான் கிடக்கிறது.

"ஆதவா, வாடா கண்ணு" என்றேன்.

எழுந்தான். எல்லாத் தலைகளும் திரும்பின. பாதி தூரம் வந்தவன் நின்றுவிட்டான். வேறு எந்தப் பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. அடிப்பாவி, பிள்ளையைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்போது முன்னால் நின்ற வரிசையிலிருந்து கெசியா விலகிப் போனாள்.

நேராக அவனிடம் போய், ஏதோ சொல்லி, பக்கத்திலேயே நடந்து கூட்டிக்கொண்டு வந்தாள். என் வயிறு குளிர்ந்துவிட்டது. என் பிள்ளை, நான் வளர்த்த பிள்ளை! ஆசீர்வாதம் பிரதரை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தேன். இப்போது என்ன சொல்கிறீர் என்று கேட்காத குறைதான்.

ஆதவன் எனக்கு இடப்பக்கம் தனியாக வந்து நின்றான். கெசியா வரிசைக்குத் திரும்பவில்லை. கையிலிருந்த வேதாகமத்தை மேசைமேல் வைத்துவிட்டு அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

மைக்கைக் கீழே இறக்கி, "போதும் கண்ணு, நீ உன் எடத்துல போய் நில்லு" என்றேன்.

"இதாம்மா என் எடம்" என்றாள். "கெமிஸ்ட்ரி போயிடுச்சு."

எனக்கு முதலில் புரியவில்லை. யாருக்கு என்று கேட்டேன்.

அவள் அழவில்லை. என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"அன்னிக்கே சொல்லலாம்னு போன் பண்ணேன். ஆதவனக் காணோம், அப்புறம் பேசறேன்னு வெச்சிட்ட. சாயங்காலம் வந்து, நீ பாஸ்தானேனு கேட்ட. நான் தலையாட்டிட்டேன்."