ஒரே ஒரு கட்டளை

"மாசத்துல வேலை நாள் இருபத்து நாலு. அதுல இருபத்திரண்டு நாள்! பூனையைப் பாலுக்குக் காவல் வச்சது நீங்கதானே?"

மேனேஜர் காகிதத்தை மேஜைமேல் வீசினார். சிஸ்டம் அட்மின் எடுத்துப் பார்த்தாள்.

அந்த அலுவலகத்து யூனிக்ஸ் சர்வரில் ஆக்கவும் அழிக்கவும் வல்ல ரூட் பாஸ்வேர்டு அவள் ஒருத்தியிடம்தான் உண்டு. வருகைப்பதிவு மெஷின் அடிக்கடி மக்கர் பண்ணியதால், நாலு ஆபரேட்டர்களை ஒரு குழுவாக்கி, மெஷினை நிறுத்திக் கிளப்பும் ஒரே ஒரு கட்டளையை மட்டும் ரூட் அதிகாரத்தோடு ஓட்ட, சூடோ என்ற நிரல் வழியாக அனுமதி கொடுத்திருந்தாள்.

மேனேஜர் அன்றைக்கே வேண்டாம் என்றார். "நான் பொறுப்பு சார்" என்று வாதாடியவள் இவள்தான்.

சூடோவில் ஒரு வசதி. யார், எத்தனை மணிக்கு ஓட்டினாலும் பெயரோடு பதிவாகிவிடும். காகிதத்தில் இருந்தது ஒரே பெயர். அலுவலகமே 'ஊமைக்கோட்டான்' என்று கூப்பிடும் ஆபரேட்டர். இருபத்திரண்டு நாளும் காலை ஒன்பது ஐந்து.

"ஒன்பது அஞ்சு தாண்டினா லேட். ஆனா மெஷின் நின்ன நாள்ல ஒன்பதே கால் வரைக்கும் யாருக்கும் லேட் போடக்கூடாதுன்னு விதி. ஆள் அதைப் பிடிச்சுக்கிட்டான்."

"யாருக்காக சார்?"

"இது என்ன கேள்வி? ரிசப்ஷன் பொண்ணு தினம் ஒன்பது பத்துக்குத்தானே ஆடி அசைஞ்சு வருது? மதியத்துக்குள்ள அவனைக் குழுவுலேர்ந்து தூக்கிட்டு ரிப்போர்ட் கொடுங்க. இல்ல, நான் உங்க மேல எழுத வேண்டி வரும்."

சர்வர் அறையில் ஆபரேட்டர் பிரஷ்ஷால் கீபோர்டு தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மெஷின் நிஜமாவே நின்னுச்சா?"

"இல்ல மேடம்."

ஒரு பொய்யாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"உங்களை நம்பி மேனேஜரோட மல்லுக்கட்டினேன். என் தலையிலயே கல்லைப் போட்டீங்களே!"

ஆபரேட்டரின் பிரஷ் அடுத்த கீபோர்டுக்குப் போனது.

"அந்தப் பொண்ணுக்கு அலாரம் வைக்கத் தெரியாதாமா? நானும்தான் ரெண்டு பசங்களைக் குளிப்பாட்டி, ஸ்கூல் வேன் வர்ற வரைக்கும் தெருவுல நின்னு ஏத்திவிட்டு, மூச்சு வாங்க ஓடி வர்றேன். கடிகாரத்தைப் பார்க்கக்கூட நேரமில்லாம விரலை வச்சுட்டுப் போறேன். இந்த மாசம் ஒரு நாளாவது லேட் லிஸ்ட்ல என் பேரு வந்திருக்கா?"

"வரல மேடம்."

"ஆங்! மனசிருந்தா மார்க்கமுண்டு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குழுவிலிருந்து ஒரு பெயரை நீக்க ஒரு நிமிஷம் போதும். அதற்கு முன், ரிப்போர்ட்டுக்கு ஆதாரம் வேண்டுமே என்று லேட் லிஸ்ட்டைத் திறந்தாள்.

ரிசப்ஷன் பெண்ணின் பெயரில் இரண்டு லேட். ஏழாம் தேதி ஒன்று, பத்தொன்பதாம் தேதி ஒன்று.

சூடோ பதிவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஆபரேட்டர் கட்டளையை ஓட்டாத நாள்களும் அதே இரண்டுதான்.

"என்ன, ரெண்டு நாள் மட்டும் அந்தப் பொண்ணை அம்போன்னு விட்டுட்டீங்க? சண்டையா?"

"அவங்க பேரே எனக்குச் சரியாத் தெரியாது மேடம்."

"பேரு தெரியாதவளுக்கா இருபத்திரண்டு நாள் மெஷினை நிறுத்தினீங்க? மழுப்பாதீங்க. ஏழாந்தேதியும் பத்தொன்பதாந்தேதியும் ஏன் ஓட்டல?"

ஆபரேட்டர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"அந்த ரெண்டு நாளும் நீங்க லீவு, மேடம்."