தாய்மாமன் சீர்ப் பெட்டி

சூரியப் புயலுக்குக் கால் மணி நேரமே இருக்கிறதென்று தெருவில் சங்கு ஊதியதும், சுடலை இன்வெர்ட்டரைக் கழற்றி இரும்புப் பெட்டிக்குள் வைத்தான். இரும்புக்குள் இல்லாமல் வெளியே கிடந்தால் கருகிவிடும். புயல் ஓய்ந்தபின் மகளின் மூச்சு மெஷின் ராத்திரியெல்லாம் அதில்தான் ஓட வேண்டும். பெட்டி, மகளின் காதுகுத்துக்கு அவன் மனைவி இசக்கியின் அண்ணன் பேச்சிமுத்து கொண்டுவந்த தாய்மாமன் சீர். அன்று சுடலை இரும்புதானா என்று அதில் காந்தம் வைத்துப் பார்க்கப் போக, "சீரை யாராவது சோதிப்பாகளா?" என்று இசக்கி சண்டைக்கே போய்விட்டாள்.

இசக்கியின் போன் அடித்தது. அண்ணன்தான்.

"ஏட்டி, அந்தப் பெட்டியில வைக்காத. அரிசி போடுத தகர டிரம்முல வை."

"ஏண்ணே?"

"அது இரும்பு இல்லட்டி, பிளைவுட்டு. மேல பெயிண்டு. ஊரு முன்னால கையை வீசிக்கிட்டா வர முடியும்?"

"காது குத்தி மூணு வருசமாச்சு. இன்னைக்குத்தான் வாய் வந்துதா?"

அண்ணன் போனை வைத்துவிட்டான். இசக்கி அரிசியைத் தரையில் கொட்டி, இன்வெர்ட்டரை டிரம்முக்குள் இறக்கினாள்.

"மச்சான் குடுத்த பெட்டிக்கு என்ன கேடு?" என்றான் சுடலை.

பிறந்த வீட்டை விட்டுக்கொடுக்க அவளுக்கு நா எழவில்லை.

"அண்ணன் சீருல்லா, அதுக்கு ஒரு சேதம் வந்துரக் கூடாதுங்க" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.